ஃபுராத் கரையின் அரிவாள் மூக்கனும் மனிதர் இடும் இரையும்

துருக்கியின் தென்கிழக்கில், ஃபுராத் (யூப்ரடீஸ்) நதியின் கரையில் பிரெஜிக் என்றோர் ஊர் உண்டு. நதியை நோக்கிச் சரியும் பாறை முகடுகளை ஒட்டி வீடுகள் அமைந்த பழைமையான ஊர். முன்னாளில், பிப்ரவரித் திங்களின் நடுப்பகுதி நெருங்கும்போது அவ்வூர் மக்கள் வானத்தைப் பார்த்துக் காத்திருப்பது வழக்கம். தெற்கிலிருந்து ஒரு பறவைக் கூட்டம் வந்து சேரும். கரிய உடல், வெயில் படும்போது பச்சையும் ஊதாவுமாகப் பளபளக்கும் இறகு, இறகே முளைக்காத சிவந்த முகம், பிடரியில் சிலிர்த்து நிற்கும் நீண்ட தூவிகள், கீழ்நோக்கி வளைந்த நெடிய அலகு. இதனை அழகிய பறவை என்று சொல்லத் தயக்கமாகவே இருக்கிறது. ஆயினும் அதன் வருகையை அவ்வூரார் விழா எடுத்துக் கொண்டாடினர்.

நூஹ் (அலை) அவர்களின் கப்பல் தரைதட்டிய பின், அவர்களின் குடும்பத்தாரை ஃபுராத் பள்ளத்தாக்கிற்கு இட்டு வந்தது இப்பறவையே என்பது அங்கு வழங்கிய கதை. ஹஜ்ஜுக்குச் செல்வோருக்கு மக்காவுக்கு வழிகாட்டுவதற்காகவே அது ஆண்டுதோறும் தெற்கே பறக்கிறது என்பது மற்றொரு நம்பிக்கை. இவை ஊர் வழக்குகளே. மார்க்க ஆதாரம் எதுவும் இவற்றுக்கு இல்லை. எனினும், ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைப் பகுதிகளில் பதினேழாம் நூற்றாண்டிலேயே வேட்டையால் அற்றுப்போன ஓர் இனம், பிரெஜிக்கில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வீட்டுச் சுவர்களை ஒட்டிய பாறை இடுக்குகளில் அச்சமின்றிக் கூடு கட்டி வாழ்ந்ததற்கு அந்த நம்பிக்கையே அரணாக இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

துருக்கியர் இதனைக் கெலாய்னாக் என்பர். அரபியர் இவ்வினத்துக்கு இட்ட பெயர் அபூ மின்ஜல். அதாவது அரிவாளுக்கு உரியது. தமிழிலும் இவ்வகைப் பறவைகளுக்கு அரிவாள் மூக்கன் என்றே பெயர். கடலுக்கு அப்பாலும் இப்பாலும் இருந்த இருவேறு மக்கள், ஒரே அலகைக் கண்டு ஒரே கருவியை நினைத்திருக்கிறார்கள்.

1950களின் பிற்பகுதியில் அந்த அரண் தகர்ந்தது. தகர்த்தவர் வேடர் அல்லர். மலேரியாக் கொசுவையும் வெட்டுக்கிளியையும் ஒழிப்பதற்காக அப்பகுதியில் டி.டி.டி. முதலிய நஞ்சுகள் பெருமளவில் தெளிக்கப்பட்டன. வயலில் வண்டும் புழுவும் தின்று வாழ்ந்த கெலாய்னாக்குகள் நூற்றுக்கணக்கில் மடிந்தன. எஞ்சியவை இட்ட முட்டைகளும் பொரியவில்லை. 1950களின் தொடக்கத்தில் ஆயிரத்திற்கு மேல் இருந்த கூட்டம், 1970களின் தொடக்கத்தில் முப்பது இணைகளுக்கும் கீழாகச் சுருங்கிற்று. 1977இல் ஊருக்கு வெளியே ஒரு காப்பகம் அமைத்துக் கூண்டில் வளர்க்கத் தொடங்கினர். 1980களின் இறுதியில் தெற்கிலிருந்து திரும்பிய காட்டுப் பறவைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவையே. பிறகு அவையும் வரவில்லை.

இன்று பிரெஜிக்கில் இருப்பவை காப்பகத்தில் பெருகிய பறவைகளின் வழித்தோன்றல்கள். எண்ணிக்கையில் அவை இருநூறைக் கடந்துவிட்டன. குளிர்காலத்தின் இறுதியில் கூண்டைத் திறந்துவிடுகிறார்கள். அவை பாறைகளிலும் மரப்பெட்டிகளிலும் கூடு கட்டுகின்றன. அருகிலுள்ள வயல்களில் தாமாகவும் இரை தேடுகின்றன. அதனோடு காப்பகத்தில் இடும் இறைச்சிக் கொத்தையும் அவித்த முட்டையையும் உண்கின்றன. கோடையின் பிற்பகுதியில், வலசை செல்லும் வேட்கை எழும் காலத்தில், அவற்றை மீண்டும் கூண்டுக்குள் அழைத்துக் கதவை அடைத்துவிடுகிறார்கள். செல்ல விட்டால் திரும்ப மாட்டா என்ற அச்சமே காரணம். ஓரினம் அழியாமல் காக்கப்பட்டது. அதனை வழிகாட்டிப் பறவையாக்கிய பயணம் மட்டும் நின்றுபோயிற்று.

அழிவின் விளிம்பில் நிற்கும் காட்டுப் பறவைகளுக்கு மனிதர் இரையிட்டுக் காப்பது என்ற முறையைப் பற்றி எண்ணும்போதெல்லாம் பிரெஜிக் நம் நினைவிற்கு வருகிறது. இரையிடுதல் நமக்குப் புதிதன்று. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ பறவையோ மனிதரோ விலங்கோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாக எழுதப்படும் என்ற கருத்தமைந்த நபிமொழி, அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றிருக்கிறது. உஸ்மானியர் பள்ளிவாசல்களின் சுவர்களிலேயே சிட்டுகளுக்கும் புறாக்களுக்கும் சின்னஞ்சிறு மாளிகைகள் போன்ற கூடுகளைச் செதுக்கி வைத்தனர். பூர்ஸா நகரில் காயமுற்ற நாரைகளைப் பேணுவதற்கென்றே ஒரு மனை இருந்தது. எனவே, பசித்த பறவைக்கு உணவிடுவது நன்றா என்று கேட்டால் நம்மவரிடம் விடை ஆயத்தமாக இருக்கும். ஆனால் ஓர் உயிரின் பசியைத் தீர்ப்பதும் ஓர் இனத்தின் அழிவைத் தடுப்பதும் வெவ்வேறு வேலைகள். முன்னது கைநிறையத் தானியத்தால் முடியும். பின்னதற்கு, அவ்வினம் எதனால் குறைகிறது என்ற கேள்விக்கு முதலில் விடை காண வேண்டும். உணவுப் பற்றாக்குறையால் குறையும் இனத்துக்குத்தான் உணவு மருந்தாகும். எலியும் பூனையும் கூட்டைச் சூறையாடுவதால் குறையும் இனத்துக்கு எவ்வளவு இரையிட்டும் பயனில்லை. சில வேளைகளில் இரையின் வாசனை அந்த எலிகளையே அழைத்து வரும்.

பயன் உண்டா என்பதற்கு மேல், எப்போது, எவ்வளவு, எந்தப் பறவைக்கு என்பவையும் முக்கியம் என்று உலகுக்குக் கற்பித்தது நியூசிலாந்தின் காகபோ. மாவோரி மொழியில் இரவுக்கிளி என்று பொருள்படும் பெயர். பறக்க இயலாத, உடல் பருத்த, பச்சை நிறக் கிளி. ஐரோப்பியர் கொண்டுவந்த பூனைகளுக்கும் கீரி போன்ற சிறு ஊனுண்ணி விலங்குகளுக்கும் இரையாகி, 1995இல் உலகில் எஞ்சியிருந்தவை 51. அவை பகையற்ற தீவுகளுக்கு மாற்றப்பட்டன. ஆனால் அவை ஆண்டுதோறும் முட்டையிடுவதில்லை. ரிமு என்னும் மரம் மிகுதியாகக் காய்க்கும் ஆண்டில், அதாவது இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் இனப்பெருக்கம் செய்கின்றன. உணவு மிகுந்தால் அடிக்கடி முட்டையிடும் என்று கருதி, 1989 முதல் கொட்டைகள், பழம், கிழங்கு ஆகியவற்றை வைத்துப் பார்த்தார்கள். பறவைகள் கொழுத்தன, இனப்பெருக்க ஆண்டுகளோ எதிர்பார்த்தபடி நெருங்கி வரவில்லை. அது மட்டுமின்றி, பிறந்த குஞ்சுகளில் ஆண்களே மிகுதியாக இருந்தன. பெண் பறவைகள் அரிதாகிவிட்ட ஓர் இனத்தில் இது பேரிடர்.

இதற்கான விளக்கம் ஏட்டில் முன்பே இருந்தது. தாய் நல்ல உடல்நிலையில் இருந்தால் ஆண் பிள்ளையையும், மெலிந்திருந்தால் பெண் பிள்ளையையும் மிகுதியாக ஈனும் போக்கு சில உயிரினங்களில் இருக்கலாம் என்று ராபர்ட் ட்ரிவர்ஸ், டான் வில்லர்ட் என்ற இருவர் 1973இல் ஒரு கருதுகோளை முன்வைத்திருந்தனர். வலிமை வாய்ந்த ஆண் பல பெண்களோடு இணைசேரும் இனங்களில், கொழுத்த தாய்க்கு ஆண் மகவு ஆதாயம். மெலிந்த ஆணோ ஒன்றையும் பெறாமற் போகும். காகபோ அத்தகைய இனமே. ஆண் பறவைகள் இரவில் ஓரிடத்தே கூடிக் குழி பறித்து அமர்ந்து முழங்குகின்றன. பெண்கள் வந்து தேர்ந்தெடுக்கின்றன. கருணையோடு இட்ட கொட்டைகள், தாய்மாரைக் கொழுக்க வைத்து, வேண்டாத பக்கம் தராசைச் சாய்த்துவிட்டன. இதனைக் கண்டறிந்த ஆய்வு வெளிவந்த 2002ஆம் ஆண்டிலேயே முறை மாற்றப்பட்டது. முட்டையிடுவதற்கு முன்பு பெண் பறவைகளின் எடை ஓர் அளவைத் தாண்டாதபடி உணவைக் கட்டுப்படுத்தினர்; முட்டையிட்ட பின்பு, குஞ்சுகளை வளர்க்கும் பொருட்டுத் தாராளமாக அளித்தனர். அவ்வாண்டு 24 குஞ்சுகள் தேறின. ஆண்-பெண் விகிதமும் சமநிலைக்குத் திரும்பிற்று. 2022இல் காகபோக்களின் எண்ணிக்கை 252.

கருணை தவறு என்று இந்நிகழ்ச்சியைப் படிப்போர் உண்டு. நாம் அவ்வாறு படிக்கவில்லை. உணவிட்டவர்களே கணக்கெடுத்தார்கள், தங்கள் செயலின் விளைவைத் தாங்களே சோதித்தார்கள், பிழை தெரிந்தவுடன் திருத்திக்கொண்டார்கள் என்பதே இதில் நம்மைக் கவர்கிறது. நம் ஸதகாக்களில் எத்தனை இப்படித் தணிக்கைக்கு உட்படுகின்றன என்பதை வாசகர் சிந்தனைக்கு விடுகிறோம்.

உணவே நஞ்சாகிவிட்ட இடத்தில் நிலைமை வேறு. நம் துணைக்கண்டத்தின் பிணந்தின்னிக் கழுகுகள், அதாவது பாறுகள், 1990களில் கூட்டங்கூட்டமாக மடிந்தன. வெண்முதுகுப் பாறு இந்தியாவில் 1992க்கும் 2007க்கும் இடையே 99.9 விழுக்காடு குறைந்தது. இறந்த மாடுகளுக்குப் பஞ்சமில்லை. பசியால் அவை சாகவில்லை. மாடுகளுக்கு வலி நீக்கியாக ஊசி வழியே செலுத்தப்பட்ட டைக்ளோஃபினாக் என்ற மருந்தே காரணம் என்று பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் நிறுவியது. அம்மருந்து தங்கிய இறைச்சியைத் தின்ற பாறின் சிறுநீரகம் செயலிழக்கிறது. யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் வெண்சுண்ணம் போலப் படிகிறது. சில நாள்களில் சாவு. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் நஞ்சிருந்தாலே இனம் முழுவதும் அழியும் என்று கணக்கிட்டனர். ஒரு சடலத்தை ஒரு கூட்டமே உண்ணும் பழக்கம் அவற்றுக்கு எமனாயிற்று.

2006இல் இந்தியாவும் நேபாளமும் பாகிஸ்தானும் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடைசெய்தன. அதே ஆண்டு நேபாளத்தில், சித்வான் காட்டுக்கு அண்மையிலுள்ள பிதௌலி என்ற ஊரில் பாறுகளுக்கு ஓர் உணவுக்கூடம் தொடங்கப்பட்டது. உழைத்து ஓய்ந்த மாடுகளை உழவரிடமிருந்து வாங்கி, இறுதிவரை பேணி, இயல்பாக இறந்தபின் நஞ்சற்ற சடலத்தைத் திறந்த வெளியில் இடுகின்றனர். அங்கு கூடு கட்டும் பாறுகள் பெருகின. ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. பாறு ஒரே நாளில் நெடுந்தொலைவு பறக்கும் பறவை. பாகிஸ்தானின் பஞ்சாபில் தூய இறைச்சியிட்டுச் சோதித்தபோது, இரையிட்ட நாள்களில் சாவு குறைந்தது, முற்றிலும் நிற்கவில்லை. தூய உணவை ஓரிடத்தில் வைத்துவிட்டு மற்ற இடங்களில் நஞ்சை விட்டுவைத்தால் பாறு இரண்டையும் உண்ணும். எனவே மருந்துக் கடையில் பெற வேண்டிய வெற்றியை உணவுக்கூடத்தில் பெற இயலாது. டைக்ளோஃபினாக்குக்கு மாற்றாக மெலாக்சிகாம் தீங்கற்றது என்று கண்டறியப்பட்டதும், கீட்டோப்ரோஃபென், அசிக்லோஃபினாக் ஆகிய மருந்துகள் 2023இல் இந்தியாவில் கால்நடைகளுக்குத் தடைசெய்யப்பட்டதும் அந்தப் போராட்டத்தின் மெய்யான களங்கள். நீலகிரிக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் கூடு கட்டும் பாறுகளின் வாழ்வும் அம்மருந்துக் கடைகளின் அலமாரியிலேயே இருக்கிறது.

இரையிடும் இடமே நோய்க்களமாவதும் உண்டு. தமிழரும் முஸ்லிம்களும் கணிசமாக வாழும் மொரீஷியஸ் தீவில், இளஞ்சிவப்புப் புறா 1990ஆம் ஆண்டளவில் பத்தளவுக்குக் குறைந்திருந்தது. வேல்ஸ் நாட்டவரான கார்ல் ஜோன்ஸ் என்பாரும் அவர் தோழர்களும் கூண்டில் வளர்த்து விடுவித்து, காட்டுக்குள் தானியப் பெட்டிகளை வைத்து, அதனைச் சில நூறாக உயர்த்தினர். அவ்விடங்களில் புறாக்கள் நெருங்கி உண்டபோது, தொண்டையைப் புண்ணாக்கி உணவு விழுங்கவிடாமற் செய்யும் ஓர் ஒட்டுண்ணி நோய் குஞ்சுகளைக் கொன்றது. கலங்களின் அமைப்பை மாற்றுவதும் தூய்மை பேணுவதும் அப்பணியில் இரை வாங்குவதைக் காட்டிலும் பெரிய வேலையாயின.

இங்கே நம் முன்னோர் ஒருவரை நினைவுகூர்வது பொருத்தம். திமிஷ்கிலும் காஹிராவிலும் வாழ்ந்து ஹிஜ்ரி 660இல் (கி.பி. 1262) மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், தமது ‘கவாஇதுல் அஹ்காம்’ நூலில் மனிதர் மீது கால்நடைகளுக்குள்ள உரிமைகளைப் பட்டியலிடுகிறார்கள். முதுமையாலோ நோயாலோ பயன்படாமற் போனாலும் அவற்றுக்கு உணவளிக்க வேண்டும். தாங்காத சுமை ஏற்றலாகாது. அவற்றுக்குத் தீங்கு விளைப்பவற்றோடு, அவை தம் இனமாயினும் பிற இனமாயினும், ஒன்றாக அடைக்கலாகாது என்பன அவற்றுட் சில. முட்டும் மாட்டையும் உதைக்கும் குதிரையையும் மனத்திற்கொண்டு எழுதப்பட்ட இறுதி விதி, ஒரே கலத்தில் நோய் பரப்பிக்கொள்ளும் புறாக்களுக்கும் பொருந்துவதாக நமக்குத் தோன்றுகிறது.

இந்த உரிமைகள் யாவும் உடைமையாளர் உள்ள விலங்குகளைப் பற்றியவை என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு சரியே. காட்டுப் பறவை எவருடைய உடைமையும் அன்று. அதற்குத் தீனியிடும் கடமை எவர் தலையிலும் சுமத்தப்படவில்லை. உணவை அளிப்பவன் அல்லாஹ். பறவைகள் காலையில் வெறும் வயிற்றோடு சென்று மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்புவதை உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி எடுத்துக்காட்டுகிறது. ஆனால் அந்நபிமொழியில் பறவை வெளியே செல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அது சென்று தேடும் வயலில் நஞ்சைத் தெளித்தவர் நாம். சட்டத்துறையில் பிறர் உடைமைக்குச் சேதம் விளைத்தவர் ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்ற ‘ளமான்’ கோட்பாடு உண்டு. உரிமையாளர் இல்லாத உயிருக்கு அக்கோட்பாடு நேராகப் பொருந்தாது என்பதை அறிவோம். எனினும், பிரெஜிக் காப்பகத்தில் இடப்படும் இறைச்சிக் கொத்தை ஸதகா என்று அழைப்பதைவிடத் தீர்க்கப்படாத கடனின் தவணை என்று அழைப்பதே நேர்மை என்பது நமது கருத்து. ஆலிம்கள் இதனை ஆராய்ந்து சொல்வார்களாயின் நன்றியுடையோம்.

கடன் எனில் அது என்று தீரும் என்ற கேள்வியும் வரும். ஜப்பானின் ஹொக்கைடோ தீவில், 1952ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 33 செந்தலைக் கொக்குகளே இருந்தன. உறைபனிக் காலத்தில் உழவர்கள் அவற்றுக்கு மக்காச்சோளம் இட்டனர். இன்று அவை ஆயிரத்தைக் கடந்துவிட்டன. சில இடங்களிலேயே பெருங்கூட்டமாகத் திரள்வதால் பயிர்ச்சேதமும் தொற்றுநோய் அச்சமும் எழ, அரசு 2015 முதல் சோளத்தின் அளவைப் படிப்படியாகக் குறைத்து அவற்றைப் பரவச் செய்ய முயல்கிறது. கொடுப்பதைக் காட்டிலும் நிறுத்துவது கடினம் என்பதை அவ்வூர் உழவரைக் கேட்டால் சொல்வர். மொரீஷியஸில் சிறுவல்லூறுக்கு எலியிடுவதை, அது பெருகிய பின்பு நிறுத்த முடிந்தது. இளஞ்சிவப்புப் புறாவுக்கு இன்னும் நிறுத்த முடியவில்லை. அதன் காடு அந்த அளவுக்குச் சிதைந்துவிட்டது.

கெலாய்னாக்கின் கதைக்குத் திரும்புவோம். அதன் இனம் துருக்கியோடு முடிந்துவிடவில்லை. மொரோக்கோவின் அட்லாண்டிக் கரையில், அகாதிர் நகருக்குத் தெற்கே ஸூஸ்-மாஸாவிலும் வடக்கே தம்ரியிலும் உள்ள கடற்பாறைகளில் மெய்யான காட்டுக் கூட்டம் ஒன்று வாழ்கிறது. 1991இல் ஸூஸ்-மாஸா தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. அங்கு இறைச்சி இடுவதில்லை. பல்லியும் வண்டும் மேய்ச்சல் நிலத்தில் வேண்டிய அளவு உண்டு. அங்கே அரிது நன்னீர். எனவே கூடுகளுக்கு அருகே தொட்டிகளில் நீர் வைத்தார்கள். ஊர் மக்களிலிருந்தே காவலர்களை அமர்த்தினார்கள். நீர் வைத்தபோது தேறிய குஞ்சுகள் மிகுதி என்று 2008இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. தாய்ப்பறவை நீருக்காக நெடுந்தொலைவு பறக்க நேர்ந்தால் கூடு அவ்வளவு நேரம் காவலற்றுக் கிடக்கும்; அந்த இடைவெளி குறைந்ததே ஆதாயம். 1996இல் காரணம் தெளிவாகாத ஒரு சாவில் சில நாள்களுக்குள் முப்பதுக்கு மேற்பட்டவற்றை இழந்தும், அக்கூட்டம் மீண்டு 2018இல் எழுநூறைக் கடந்தது. அதே ஆண்டு இவ்வினம் ‘மிக அருகிய’ நிலையிலிருந்து ‘அருகிய’ நிலைக்கு உயர்த்தப்பட்டது. நாம் அறிந்த துணை உணவு முயற்சிகளுள் மிகச் சிறியதும் மிகச் சிறந்ததும் இதுவே எனலாம். பறவையின் தேடலில் அது குறுக்கிடவில்லை. ஒரு குறையை மட்டும் நிரப்பிற்று.

கிழக்கில் நிகழ்ந்தது வேறு. 2002இல், சிரியாவின் தத்முர் (பல்மைரா) பாலைவனத்தில், எவரும் எதிர்பாராத வகையில் ஏழு காட்டுப் பறவைகள் கண்டறியப்பட்டன. 2006இல் அவற்றுள் மூன்றுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தியபோது, அவை ஜோர்தான், சவூதி அரேபியா, யமன் வழியாகச் செங்கடலைக் கடந்து எதியோப்பியாவின் மேட்டுநிலத்தில் குளிர்காலத்தைக் கழிப்பது தெரிந்தது. பிரெஜிக் மூதாட்டிகள் சொல்லிவந்த திசை தவறில்லை. பறவை ஹிஜாஸ் பக்கமாகத்தான் பறந்தது. 2010இல் பிரெஜிக்கில் பிறந்த சில இளம் பறவைகளைத் தத்முருக்குக் கொண்டு சென்று, காட்டுப் பறவைகளோடு சேர்த்துவிட்டார்கள். வழியறிந்த மூத்தவற்றைப் பின்பற்றி அவற்றுள் சில அப்பயணத்தின் ஒரு பகுதியைக் கடந்தன. அடுத்த ஆண்டு சிரியாவில் போர் மூண்டது. சில ஆண்டுகளில் தத்முர்க் கூட்டம் அற்றுப்போயிற்று. இளையவற்றுக்கு வழிசொல்ல மூத்தவை இல்லை.

பூனையொன்றைக் கட்டிவைத்து, உணவும் அளிக்காமல், தானே சென்று பூமியின் சிற்றுயிர்களைத் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றிய நபிமொழியை வாசகர் அறிவர். இப்னு உமர் (ரலி) அறிவிப்பது. அதில் இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன: உணவளிப்பது, அல்லது விட்டுவிடுவது. பிரெஜிக்கில் முதல் வழியைக் குறைவின்றிச் செய்கிறார்கள். இரண்டாவது வழிக்குக் கதவைத் திறந்தால், தெற்கே மின்கம்பிகளும் வேட்டைத் துப்பாக்கிகளும் வழிகாட்டியற்ற வானமும் காத்திருக்கின்றன. எனவே ஆண்டுதோறும் கோடை முதிரும்போது காப்பகத்தார் கிண்ணங்களில் இரையை நிரப்பிக் கூண்டுக்குள் வைக்கிறார்கள். ஃபுராத்தின் மேல் ஒரு சுற்றுப் பறந்துவிட்டுப் பறவைகள் உள்ளே வருகின்றன.